ஒரே அளவில் இரண்டு தாய்மாமன்கள்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து வந்தது. போடிக்குப் பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரிக் கண்ணாடியில் அதைச் செருகி வைத்திருந்தார்கள். மூலைகளில் மஞ்சள், மேலே பிள்ளையார், கீழே அச்சகத்தின் பெயர். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் அதில் எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருந்தன.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். போடிப் பக்கத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். பெண், மாப்பிள்ளை பெயர்களுக்கு அடுத்த பெரிய எழுத்து அதுதான். மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வருவாள். அந்தக் கைக்கு உள்ள மரியாதை எழுத்திலும் தெரிய வேண்டும்.

நான் பார்த்த பத்திரிகையில் தாய்மாமன்கள் இருவர். இரண்டு பெயரும் சின்ன எழுத்து. பெண், மாப்பிள்ளை, பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் அதே சின்ன எழுத்து.

ஏன் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும். கேட்காததால் கதை எழுத வேண்டியதாயிற்று.

2

தொடங்கிப் பார்த்தவை:

'மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. மெட்டுப் பாதையின் வளைவுகளில் ஜீப்புகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டு' [நிறுத்திவிட்டேன். மலையில் தொடங்கினால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. பத்திரிகை வரவே இல்லை.]

'தவசி அச்சகத்தில் ஈய எழுத்துகள் தூசி படிந்து கிடந்தன. ஒரு காலத்தில்' [இதுவும் வேண்டாம். வாசகர் கண் கலங்கத் தயாராகிவிடுவார். தவசிக்கு அப்படி ஒரு வருத்தமும் கிடையாது. ஈய எழுத்தை எடைக்குப் போட்ட அன்று பக்கத்துக் கடைக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்த மனிதர் அவர்.]

'தவசி புரோகிராமை மூடினார்.'

இது சரி. கதை இந்த இடத்தில்தான் திரும்புகிறது. ஆனால் ஒரு புரோகிராமை மூடுவதால் ஒரு கல்யாணம் எப்படி ஆட்டம் காணும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதனால் இந்த வாக்கியத்தை எடுத்து ஆறாம் பகுதியில் வைக்கிறேன்.

3

கதை நடப்பது எண்பத்தொன்பதில். போடியில் அப்போது இப்படி ஓர் அச்சகம் இருந்ததா என்று தேட வேண்டாம். கதையில் இருக்கிறது. அதன் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு தெரியும்.

உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள். அச்சக முதலாளி தவசியின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது சின்னப் பெட்டி. தமிழ் எழுத்து அதில் அழகாக வரும். ஆனால் அச்சடிக்கும் மெஷின் அதோடு சேரமாட்டேன் என்றது. அதற்காக மதுரையில் வாங்கியது பெரிய பெட்டி. இரண்டும் வேறு வேறு இனம். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் மற்றதில் ஓடாது.

இரண்டையும் பார்த்துக்கொள்ள ராமுத்தாய் இருந்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல். மதுரையில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்தவள். அதிகம் பேசமாட்டாள். தவசி நிறையப் பேசுவார். அதனால் அச்சகத்தில் மொத்தப் பேச்சு சரியான அளவில் இருந்தது.

பத்திரிகைகளைக் கோர்க்க அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். இரண்டு பெட்டியிலும் அது ஓட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. கொஞ்சம் மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி. அந்தக் கொஞ்சத்தில்தான் கிளிப்போர்டு இருந்தது.

[கிளிப்போர்டுக்குத் தமிழில் ஒரு சொல் செய்து பார்த்தேன். இடைப்பலகை. தவசி வாயில் அது நுழையவில்லை. விட்டுவிட்டேன்.]

ஒரு புரோகிராமில் நகலெடுத்ததை இன்னொன்றில் ஒட்ட வேண்டும் என்றால் நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் கிளிப்போர்டு. அங்கே ஒரு பொருளை ஒரே வடிவத்தில் வைப்பதில்லை. ஏலக்காய்க் கடையில் மாதிரித் தட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தட்டில் கொட்டுவது ஒரே காய்தான். ஒருவர் பச்சை நிறத்தைப் பார்ப்பார். ஒருவர் பருமனைப் பார்ப்பார். ஒருவர் காயை உடைத்து உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அவரவருக்குத் தெரிந்ததை வைத்து அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கிளிப்போர்டிலும் அப்படித்தான். ஒரு பெயரை வெறும் எழுத்தாக வைக்கலாம். அளவு, தடிமன் எல்லாம் சேர்த்தும் வைக்கலாம். படமாகவும் வைக்கலாம். ஒட்டிக்கொள்கிற புரோகிராம் தனக்குப் புரிந்தவற்றில் முழுமையானதை எடுத்துக்கொள்ளும். வேறொன்றும் கிடைக்காவிட்டால் வெறும் எழுத்து.

இனி இரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம். சின்னப் பெட்டியில் வைத்தது வைத்தபடி இருக்கும். வைத்த புரோகிராமை மூடிவிட்டாலும் இருக்கும். பெரிய பெட்டியில் இட நெருக்கடி. அதனால் ஒரு சலுகை உண்டு. கனமான வடிவத்தை உடனே வைக்க வேண்டியதில்லை. 'கேட்டால் தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தால் போதும். யாராவது ஒட்டும்போது செய்து கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பே மூடிக்கொண்டு போவதாக இருந்தால், வாக்குக் கொடுத்ததையெல்லாம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வைத்துவிட்டுப் போகிற அந்தப் பகுதியை மட்டும் ராமுத்தாய் இன்னும் எழுதவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அவள் வேலை செய்யும்போது எதையும் மூடுவதில்லை. அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

பாடம் முடிந்தது. இனிமேல் மனிதர்கள்தான்.

4

முதல் வரைவில் மணப்பெண் வேறு யாரோ. ராமுத்தாய் பத்திரிகையைக் கோர்ப்பவள் மட்டும். எழுதி முடித்துப் படித்தால் உயிரே இல்லை. தப்பு நடந்தால் தவசி இரண்டு வார்த்தை திட்டுவார், மறுபடி அடிப்பார்கள். அவளுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அதனால் அவளையே மணப்பெண் ஆக்கினேன்.

மாப்பிள்ளை சீனிச்சாமி. பொட்டிபுரம். பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது அவர் சித்தி, "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றாள். ராமுத்தாய் தரையைப் பார்த்தாள். சீனிச்சாமி, "வேணாஞ் சித்தி. எனக்கும்தேன் பாடத் தெரியாது. நான் பாடுனேனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராமுத்தாய் அன்றைக்கே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் ரொம்ப ஆசைப்பட்டாள்.

[முறை மாப்பிள்ளை இல்லையா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். பெரிய மாமாவுக்கு எல்லாம் பெண்கள். சின்ன மாமாவின் மகன் இன்னும் அரைக்கால் சட்டை போடுகிறான். தீர்ந்ததா?]

5

ராமுத்தாயின் அம்மா கருத்தம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் சோலைமலை, மலைக் கணவாயான மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. தம்பி ராக்கையா ராசிங்காபுரத்தில் விவசாயம். பொதுக் கிணற்று மோட்டாரைத் தம்பி கழற்றித் தன் கிணற்றில் மாட்டிக்கொண்டான் என்பது அண்ணனின் வழக்கு. ரிப்பேர் பார்க்கத்தான் கழற்றினேன் என்பது தம்பியின் வழக்கு. மோட்டார் துருப்பிடித்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வழக்குத் துருப்பிடிக்கவில்லை. ஒருவர் கால் வைத்த விசேஷத்தில் மற்றவர் கால் வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோலைமலை ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டையில் ஏலக்காய்ப் புகை வாசம். மலையிலேயே இருந்து பேச்சிலும் கொஞ்சம் மலையாளம் ஏறியிருந்தது.

"மோளே, நல்லாக் கேட்டுக்க. பேரு வரிசை வயசுக்கு. அளவு உரிமைக்கு. ரெண்டும் எனக்குத்தேன்."

"தம்பிக்கும் கொஞ்சம் பாத்து..." என்றாள் கருத்தம்மா.

"போடு. வேணாம்னு நான் சொன்னேனா? அவனுக்கு ஏழு எம்.எம். எனக்கு எட்டு. பத்திரிகைய நாலு பேரு பாத்தாத் தரம் தெரியணும்ல?"

[ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பருமன் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் நிற்பது முதல் தரம். சோலைமலை மாமாவுக்கு மனிதர்களும் சல்லடையில்தான் நிற்பார்கள்.]

"எட்டு இல்லேன்னா?"

"எட்டு இல்லேன்னா மாமன் இல்ல. வேற எவன் கையப் பிடிச்சாச்சும் மனைக்குக் கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை ராக்கையா சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு பரங்கிக்காய்.

"ஏக்கா, மூத்தவரு பேரு மொதல்ல இருக்கட்டும். நான் சண்டைக்கு வரல. ஆனா இந்தப் புள்ளைக்குப் பரீச்ச அன்னைக்குப் பஸ்சு ஓடல. தேனி வரைக்கும் சைக்கிள்ல வச்சு மிதிச்சது ஆரு? அவரா? எம்பேரு பெருசா இருக்கணும்."

"அண்ணனும் அதத்தானடா கேக்காரு."

"அப்ப அவரையே வச்சுக்க. நான் அன்னைக்குக் கடலைக்குக் களை வெட்டப் போறேன்."

"கல்யாணத்தன்னைக்குக் களை வெட்டுவியாடா, எடுபட்ட பயலே!"

"வெட்டுவேன். சோலின்னா சோலிதேன்."

ராமுத்தாய் சமையலறைக் கதவருகே நின்று இரண்டு முறையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாமாவையும் அவளுக்குப் பிடிக்கும். ஒருவர் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் காகிதத்தில் ஒரு பிடி ஏலக்காய் மடித்துக் கொண்டுவருவார். மற்றவர் தேனி வரைக்கும் மிதித்தவர். வேர்த்துக் கொட்டியும், "படி, நீ பாட்டுக்குப் படி" என்று சொல்லிக்கொண்டே மிதித்தவர்.

பொட்டிபுரத்திலிருந்து அதற்குள் ஒரு கேள்வி வந்தது. "மாமன்மாரு ரெண்டு பேரும் வந்து நிப்பாகள்ல? ஒத்த மாமன் நின்னா எங்க சனம் ஒரு மாதிரிப் பேசும்." சீனிச்சாமி கேட்கவில்லை. அவர் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். கேட்ட விதத்தில், பதில் சரியாக வராவிட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று தெரிந்தது.

6

வழி கண்டுபிடித்தவள் கருத்தம்மா.

"ரெண்டா அடிச்சிரு."

"என்னத்தம்மா?"

"பத்திரிகையத்தேன். மலைக்குப் போறதுல அண்ணன் பேரு பெருசு. கீழ குடுக்குறதுல தம்பி பேரு பெருசு. கல்யாணத்துக்கு வர்றவுக பத்திரிகைய மடியில கட்டிக்கிட்டா வருவாக? எனக்குப் படிக்கத் தெரியாது. மலைக் கட்டுக்குச் செவப்பு நூலு, கீழ்க் கட்டுக்குப் பச்ச நூலு கட்டச் சொல்லு."

ராமுத்தாய்க்குப் பயமாக இருந்தது. கூடவே ஆச்சரியமாகவும் இருந்தது. கிளிப்போர்டை யோசித்தவருக்கும் இதேதான் தோன்றியிருக்க வேண்டும். பொருள் ஒன்று. வாங்குகிறவருக்கு எது செல்லுமோ அந்த வடிவம். அம்மா எந்த வகுப்புக்கும் போகாமல் அதற்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

பெரிய பெட்டியில் ஒரே பத்திரிகைக்கு இரண்டு அலங்காரம் செய்து வைத்தாள். ஒன்றில் சோலைமலை பெரியது. ஒன்றில் ராக்கையா பெரியது. அதற்குள் வாசலில் அம்மாவின் குரல். கூரைப்புடவை எடுக்க மதுரை ரயிலுக்குப் போக வேண்டும்.

"வெரசா வாடி. நமக்காக வண்டி நிக்குமா?"

"தவசியண்ணே, மேலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா நகல் எடுத்து ஒட்டி அடிச்சிருங்க."

"நீ போ பாப்பா. நீ சொல்லிக் குடுத்தது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

அவள் சொல்லிக்கொடுத்தது சின்னப் பெட்டியில். அதில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்கும். ஆகவே நகல் எடு, மூடு, அடுத்ததைத் திற, ஒட்டு. தவசி பாடத்தை மறக்காதவர்.

பெரிய பெட்டி முன்னால் உட்கார்ந்தார். நகல் எடுத்தார்.

தவசி புரோகிராமை மூடினார்.

கேட்டால் தருகிறேன் என்று சொன்ன ஆள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. தட்டில் மிச்சம் இருந்தது வெறும் எழுத்து மட்டும். தவசி அதை ஒட்டினார். அடித்தார். இரண்டாவதையும் அதே மாதிரி எடுத்தார், மூடினார், ஒட்டினார், அடித்தார். ஒரு கட்டுக்குச் சிவப்பு நூல், ஒரு கட்டுக்குப் பச்சை நூல்.

[ஒரு வரைவில் ஒட்டிய தமிழெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வந்தது. உண்மையில் அப்படியும் வரும். எழுத்துரு கூடவே போகாவிட்டால் வரும். ஆனால் அப்படி வந்தால் தவசியே பார்த்துச் சிரித்து நிறுத்தியிருப்பார். கதை அச்சகத்தைத் தாண்டியிருக்காது. அதனால் பெரிய பெட்டியில் எதை ஒட்டினாலும் தமிழ் எழுத்துருவில் விழும்படி அவர்கள் முன்பே செய்து வைத்திருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.]

7

மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் புடவை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அதற்குள் ராமுத்தாயின் அப்பா மொக்கையன் தன் பங்கு வேலையை முடித்திருந்தார். கட்டைப் பிரிக்காமலே நான்கு மூலையிலும் மொத்தமாக மஞ்சளை இழுகிவிட்டு, சிவப்பு நூலை மலை ஜீப்பிலும் பச்சை நூலைத் தேவாரம் பஸ்சிலும் ஏற்றிவிட்டார்.

"அம்புட்டும் போயிருச்சா?" என்றாள் கருத்தம்மா.

"போயிருச்சு."

"செவப்பு மேல, பச்ச கீழ?"

"எனக்கென்ன நெறக் குருடா?"

கருத்தம்மா நிம்மதியாக வெற்றிலை போட்டாள். ராமுத்தாய் அச்சகத்துக்குப் போனாள். மேசையில் மிச்சப் பத்திரிகை ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணே. இது மேலுக்கா, கீழுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான பாப்பா?"

"எப்படி எடுத்தீங்க?"

"நீ சொன்னாப்புலதேன். நகல் எடுத்து, மூடி, தொறந்து, ஒட்டி."

அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. புரோகிராமில் எந்த வரி இல்லையோ அது எந்த இடத்தில் இல்லை என்பதுகூட.

"மாமா பேரு சின்னதா இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையாண்ணே?"

"தோணுச்சு. தோணாம இருக்குமா? இத்தன வருசத்துல மாமன் பேரச் சின்னதா அடிச்சதே கெடையாது. அப்பறம் யோசிச்சேன். ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறாகளே, அதுக்காகப் படிச்ச புள்ள எல்லாரையும் ஒரே மட்டமாப் போட்டுருக்குன்னு. நல்ல யோசனைன்னு எங்க வீட்ல வேற சொன்னேன்."

"நூலு ரெண்டு நெறத்துல எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அழகுக்குன்னு நெனச்சேன்."

ராமுத்தாய் உட்கார்ந்தாள். பெரிய பெட்டியைத் திறந்து அந்த விடுபட்ட பகுதியை எழுதினாள். மூடுவதற்கு முன் வாக்குக் கொடுத்ததையெல்லாம் வைத்துவிட்டுப் போ. சில வரிகள்தான். எழுதியதும் ஓட்டிப் பார்த்தாள். மூடி ஒட்டியதும் சோலைமலை மாமா பெரிதாக வந்து நின்றார். அழகாக இருந்தார். ஆனால் பத்திரிகைகள் போய்விட்டன.

வீட்டில் சொல்லவில்லை. அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு மாமன் வராவிட்டாலே ஆபத்து. இப்போது இரண்டு மாமனும் வரப்போவதில்லை. புதுப்புடவை தகரப்பெட்டியில் இருந்தது. அதைப் பிரித்து அக்கம்பக்கத்தாரிடம் காட்டச் சொன்னபோது, "அப்பறம் காட்டலாம்மா" என்றாள்.

8

[இந்தப் பகுதியை இரண்டு விதமாக எழுதிக் கிழித்தேன். ஒன்றில் ராமுத்தாய் மலைக்குப் போய் மாமாவின் காலில் விழுகிறாள். அவள் விழமாட்டாள். கூச்சப்படுவாள். இன்னொன்றில் சீனிச்சாமி பேசிச் சமாதானம் செய்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு இதில் பேச உரிமை இல்லை. கடைசியில் நான் எதுவும் செய்யவில்லை. மாமாக்கள் தாங்களே புறப்பட்டார்கள்.]

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ராமுத்தாய் அச்சக ஜன்னல் வழியே பார்த்தாள். மெட்டிலிருந்து வந்த பஸ்சில் சோலைமலை மாமா இறங்கினார். வீட்டுப் பக்கம் வரவில்லை. நேராகத் தேவாரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார். ராசிங்காபுரம் வழியாகப் போகிற பஸ். அந்த ஊர்ப் பஸ்சில் அவர் ஏறிப் பல வருஷம் ஆகிறது.

அந்தப் பஸ் வந்தது. அதிலிருந்து ராக்கையா மாமா இறங்கினார்.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் சட்டைப் பையிலும் மஞ்சள் மூலை தெரிந்தது.

பஸ் இரைச்சலில் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. சோலைமலை மாமா எதையோ சொல்லிக் கையை நீட்டினார். ராக்கையா மாமா பையிலிருந்து பத்திரிகையை உருவினார். அடிக்கத்தான் ஓங்குகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோலைமலை மாமா கட்டைவிரல் நகத்தை எழுத்தின் மேல் வைத்து அளந்தார். பிறகு இருவரும் நிமிர்ந்து அச்சகத்தைப் பார்த்தார்கள்.

"பாப்பா, வர்றாக," என்றார் தவசி. "நான் பின்னால மை பாத்துட்டு வர்றேன்."

"மை தீந்துபோச்சுண்ணே. இங்கயே இருங்க."

சோலைமலை உள்ளே வந்து இரண்டு பத்திரிகையையும் மேசையில் போட்டார்.

"ஒங்காத்தா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு அடிப்பான்னு எனக்குத் தெரியும், மோளே. கூடப் பொறந்தவன்ல நான்? எம்பேரு சின்னதா இருந்துச்சு. சரி, கீழ இவன் பேரப் பரங்கிக்கா சைசுல போட்டுருப்பான்னு நெனச்சேன். கையுங் களவுமாப் பிடிக்கத்தேன் எறங்குனேன்."

"நான் மட்டும் சும்மாவா வந்தேன்?" என்றார் ராக்கையா. "மேல இவரு பேருதேன் பெருசா இருக்கும், பாத்துக் கிழிச்சு இவரு கையிலயே குடுத்துட்டு வரணும்னுதேன் கெளம்புனேன்."

"கிழிப்பியோ?"

"கிழிச்சிருப்பேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எதக் கிழிக்க?"

ராமுத்தாய் மேசையில் கிடந்த இரண்டு பத்திரிகையையும் பார்த்தாள். அம்மாவின் திட்டம் சரியாக நடந்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் இவர்கள் கையில் என்ன இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள். ஒன்றில் எட்டு. ஒன்றில் ஏழு. அத்தனை பஸ்சுக்கு நடுவில். தவறே இல்லாமல் நடந்திருந்தால் கல்யாணம் போயிருக்கும்.

"எங்கண்ணு அரை மில்லி தப்பாது," என்றார் சோலைமலை. "அம்புட்டுப் பேரும் ஏழு. மாப்ள ஏழு. பொண்ணு ஏழு. ஒத்தப் பேருகூட எட்டுல நிக்கல."

"மாப்ளையே ஏழுன்னா அப்பறம் நமக்கென்ன?" என்றார் ராக்கையா. அந்த 'நமக்கு' என்பதை அவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். சொன்னபிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. சட்டென்று தவசியைப் பார்த்தார்.

சோலைமலை ராமுத்தாய் பக்கம் திரும்பினார்.

"இது நீ பண்ணுனதா, ஆத்தா?"

தவசி மூச்சு விடவில்லை. அவள் உண்மையைச் சொல்லலாம். மூடியதும் வடிவம் போய்விட்டது மாமா, எழுத்து மட்டும் நின்றது. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: போன வடிவத்தில் யார் பேரு பெருசு?

[இங்கே என் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவளைப் பொய் சொல்ல வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். புரோகிராம் அவளுடையது. எழுதாமல் விட்டதும் அவள்தான். மூடச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.]

"ஆமா மாமா," என்றாள்.

பிறகு, ஒருவரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னாள். அந்த வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"ரெண்டு மாமாவும் வந்தாத்தேன் நான் மனைக்கு வருவேன்."



"அட, இதுக்குப் பேச வருது!" என்றார் சோலைமலை.

"உக்காருங்கப்பு, டீ சொல்றேன்," என்றார் தவசி. அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

டீ வந்தது. குடித்தார்கள். கிளாஸைக் கீழே வைக்கும்போது ராக்கையா மெல்லக் கேட்டார்.

"அது சரி. ரெண்டு பேரு வந்தா, வலது கையி ஆருக்கு?"

"வலது மூத்தவனுக்கு. இதென்ன கேள்வி?"

"தேனி வரைக்கும் மிதிச்ச கையி..."

"மிதிச்சது காலுடா!"

தவசி சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ராமுத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புடவையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

9

இனி முடிவு. அதைப் பல வடிவங்களில் வைக்கிறேன்.

வெறும் எழுத்தாக: இருவரும் வந்தார்கள். கல்யாணம் நடந்தது.

படமாக: மண்டப வாசல். நடுவில் ராமுத்தாய். இரண்டு கையும் இரண்டு மாமன் கையில். அட்சதை விழுகிற நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் அமுக்கிவிட்டார். மாமாக்கள் இருவரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருக்கிறார்கள். ஒரே ஜாடை, ஒரே வழுக்கை, ஒரே உயரம். வலது பக்கம் நிற்பவர் யார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முழு வடிவத்தில்: மலையிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் மாலை வந்தது. எல்லாம் எட்டு மில்லிமீட்டர் காய். ராசிங்காபுரத்திலிருந்து வாழைத்தார்களோடு மேளம் வந்தது. கருத்தம்மா பத்திரிகையைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. தன் திட்டம்தான் பலித்தது என்று இன்றுவரை நம்புகிறாள். அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் வலது கையைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. சீனிச்சாமியின் சித்தி எட்டிப் பார்த்தாள். அப்போது

[இந்த இடத்தைக் 'கேட்டால் தருகிறேன்' என்று விட்டு வைத்திருந்தேன். நீங்கள் கேட்பீர்களா என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தோடு நான் மூட வேண்டும். மூடுவதற்கு முன் வைத்துவிட்டுப் போவதுதான் முறை. ராமுத்தாயிடம் அதைத்தானே நான் எழுத வைத்தேன்.]

அப்போது ராமுத்தாய் இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினாள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கையில் ஏலக்காய் வாசம். ஒரு கையில் மண்வெட்டிக் காய்ப்பு. இரண்டும் ஒரே அளவு இறுக்கம்.

எது வலது, எது இடது என்பதை வைக்கவில்லை. அதை உங்கள் வீட்டு வழக்கப்படி நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் பெரிதோ, மிதித்தவர் பெரிதோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வராது.

மண்டபத்தை மட்டும் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் வந்திருக்கிறார்கள். மூடுகிறேன்.